படிக்கட்டில் தொங்கிய தேனீக்கள்

அவருடைய வீட்டு வாசற்படியில் எவரும் ஒரு நொடிக்கு மேல் நின்றதில்லை. செருப்பைக் கழற்றக் குனியும்போதே உள்ளிருந்து குரல் வந்துவிடும்.

"உள்ள வா, உள்ள வா! படியில இன்னா வேல? நடுவுல எடம் இருக்குது பாரு!"

பால் கொண்டுவருபவரும், எரிவாயு உருளையைத் தோளில் சுமந்து வருபவரும், வாக்காளர் பட்டியலைச் சரிபார்க்க வந்த அம்மையாரும் முதலில் கூடத்தின் நடுவே கொண்டுபோய் நிறுத்தப்படுவார்கள். வந்த காரியம் அதன் பிறகே விசாரிக்கப்படும். சிங்கவரத்துக்கு எந்தப் பக்கம் போகவேண்டும் என்று கேட்கவந்த வெளியூர்க்காரர் ஒருவர், கூடத்தின் நடுவில் நின்று, சுவரில் தொங்கிய நாட்காட்டியைப் பார்த்தபடியே வழி தெரிந்துகொண்டு போனதை நான் கண்டிருக்கிறேன்.

செஞ்சியிலிருந்து தொண்டூர்ப் பக்கம் போய்வரும் நகரப் பேருந்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். ஊரார் அவரைக் கண்டக்டர் என்றே அழைத்தனர். நான் செஞ்சியில் பள்ளி ஆசிரியையாகப் பணியாற்றிய மூன்று ஆண்டுகளும் அவருடைய அடுத்த வீட்டில்தான் குடியிருந்தேன். இரு வீட்டுக் கொல்லைகளுக்கும் இடையில் இடுப்பளவு உயரமுள்ள ஒரு சுவர் மட்டுமே இருந்தது.

எந்த இடமும் நிரம்பிவிட்டதென்பதை அவர் ஒருபோதும் ஒப்புக்கொண்டதில்லை. வாயிலில் நெரிசல் இருக்கிறதென்றால், நடுவில் இடம் காலியாக இருக்கிறது என்பதே அவருக்கு அதன் பொருள். மனிதர்கள் நகர மறுக்கிறார்கள். நகர்த்துவது தம் கடமை. இந்தக் கொள்கைக்கு அடுத்தபடியாக அவர் கடைப்பிடித்த மற்றொரு கொள்கை, துண்டு போட்டு இடம் பிடிப்பதை ஒழிப்பது. பேருந்து நிலையத்துக்குள் வண்டி திரும்பும்போதே சன்னல் வழியாகத் துண்டை எறிந்து இருக்கையைத் தமதாக்கிக்கொள்ளும் வழக்கம் நம் நாட்டில் எங்கும் உள்ளதுதான். அவருடைய வண்டியில் அது செல்லாது. எறியப்பட்ட துண்டு அப்போதே அவருடைய தோளுக்கு மாறிவிடும். உரியவர் வந்து கேட்டால் கொடுப்பார். கேட்க அஞ்சியவர்களின் துண்டுகள் வீட்டில் ஒரு தகரப் பெட்டி நிறைய இருந்தன.

"எங்கூட்டுல தல தொவட்டற துண்டு ஒண்ணுகூட எங்களுது இல்ல டீச்சரம்மா. எல்லாம் தொண்டூர்க்காரங்களுது," என்று அவர் மனைவி சொல்லுவார்.

அந்த அம்மையாருக்குக் கணவரைப் பற்றிப் பேசுவதில் சலிப்பே கிடையாது. திருமணமாகிப் புகுந்த வீட்டு வாயிலில் முதன்முதலாக வந்து நின்ற கதையை என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறார். ஆரத்தி சுற்ற ஆலத்தட்டு வருவதற்காக மணமக்களை வாயிலில் நிறுத்தியிருக்கிறார்கள். மாப்பிள்ளை வேலையில் சேர்ந்து அப்போது மூன்று மாதம்.

"ஆலம் கரைச்சி எடுத்தாறதுக்குள்ள, வழியில நிக்காத உள்ள போன்னு என் முதுவுல கைய வெச்சித் தள்ளுனாரு டீச்சரம்மா. நான் போய் கூடத்துல நின்னன். எம் மாமியா ஆலத்தட்டோட வாசல்ல நிக்குறாங்க. பொண்ணு எங்கடான்னா, உள்ள எடம் இருந்துச்சு, அனுப்பிட்டன்றாரு!"

நானே நேரில் கண்டதும் ஒன்று உண்டு. எங்கள் தெருக்கோடியில் ஒரு முதியவர் இறந்துபோனார். துக்கம் கேட்க வந்தவர்கள் வழக்கம்போல வாயிலிலேயே அடைந்து நின்றார்கள். நம்மவர் உள்ளே நுழைந்தார். ஐந்தே நிமிடங்களில் கூட்டம் முழுவதும் ஒழுங்காகக் கூடத்தில் பரவி நின்றது. அதுவரை நன்றாகத்தான் இருந்தது. பாடையில் ஏற்றுவதற்காக உடலைத் தூக்கிக்கொண்டு நால்வர் வாயிலை நோக்கி வரவே, பழைய நினைவு அவரை மீறிவிட்டது. இரு கைகளையும் விரித்துக் கூட்டத்தை ஒதுக்கிக்கொண்டே உரத்த குரலில் சொன்னார்:

"எறங்குறவங்களுக்கு வழி வுடு! எறங்குறவங்களுக்கு வழி வுடு!"

அழுதுகொண்டிருந்த பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அது அழுகையை அடக்கவா, வேறொன்றை அடக்கவா என்பதை நான் உற்றுப் பார்க்கவில்லை. என் வாயையும் நான் பொத்திக்கொண்டிருந்தேன்.

இத்தகையவர் தேனீ வளர்க்கத் தொடங்கினார். ஓய்வு பெற்ற சில மாதங்களில் எங்கோ நடந்த ஒருநாள் பயிற்சிக்குப் போய், ஒரு துண்டறிக்கையோடும் ஒரு மரப்பெட்டியோடும் திரும்பினார். பெட்டிக்குள் ஆறு மெழுகு அடைகளும், ஓர் இராணியும், அவளுடைய பெருங்குடும்பமும் இருந்தன. வேறெவராக இருந்தாலும் வேப்பமரத்தடி நிழலில் வைத்திருப்பார்கள். அவர் பின்வாசற்படிக்குப் பக்கத்தில், சிமெண்டுத் தளத்தின்மேல், போக்குவரத்துத் தம் கண்ணில் படும் இடமாகப் பார்த்து வைத்தார். தாங்கியின் நான்கு கால்களும் எறும்பு ஏறாதபடி நான்கு தண்ணீர்க் கிண்ணங்களில் நின்றன. பெட்டியின் அடியில் விரலளவு உயரத்தில் நீண்ட ஒரு வாயில். அதன் முன்னே சிறிய ஒரு பலகை. அந்தப் பலகையை அவர் தொடக்கத்திலிருந்தே படிக்கட்டு என்றுதான் சொல்லிவந்தார். பின்னால் விளைந்த துன்பங்கள் அனைத்துக்கும் அந்தப் பெயரே வித்து.

முதற்கோடையில் அந்தக் குடும்பம் பெட்டியை விட்டுப் போய்விட்டது. நம் நாட்டுத் தேனீயின் இயல்பு அது. வெப்பம் பொறுக்கமுடியாமலோ, பூவும் நீரும் இல்லாமலோ போனால், ஒருநாள் காலையில் இராணி முதலாக எல்லாம் கிளம்பிவிடும். அவை கொத்தாக எழுந்து தெருவின்மேல் பறந்தபோது அவர் உடை மாற்றவும் நேரமின்றி, பனியனும் மடித்துக் கட்டிய வேட்டியுமாக, ஊதலை வாயில் வைத்துக்கொண்டு பின்னால் ஓடினார். வண்டியை நிறுத்துவதற்கு ஒற்றை ஊதல் என்பது விதி. சிங்கவரம் சாலை திரும்பும் இடம்வரை ஒற்றை ஊதலாக ஊதிக்கொண்டே ஓடினார். அவ்வழியே வந்த பேருந்து ஒன்று உடனே நின்றுவிட்டது. தேனீக்கள் நிற்கவில்லை.

இரண்டாங்கோடையில் அவர் தேநீர்க் கடைக்குப் போயிருந்த நேரத்தில் இரண்டாவது குடும்பமும் போய்விட்டது. அன்று மாலை சுவரோரம் வந்து நின்று என்னிடம் சொன்னார்:

"ஒரு வார்த்த சொல்லல டீச்சர். நான் திரும்பி வர்றதுக்குள்ள கெளம்பிடுச்சிங்க."

அவர் குரல் அப்படித் தாழ்ந்து நான் அதற்குமுன் கேட்டதில்லை.

மூன்றாவது குடும்பத்தை அவர் கொண்டுவந்தபோது மனைவி ஒரு நிபந்தனை விதித்தார். "இந்த வாட்டியும் ஓடிப்போச்சின்னா பொட்டி எங்கோழிக்கு. சொல்லிட்டன்." அந்த அம்மையாரிடம் இரண்டு கோழிகள் இருந்தன. அவை அவ்வப்போது பெட்டியைச் சுற்றிவந்து, வாடகை வீடு பார்க்க வந்தவர்களைப்போலத் தலையைச் சாய்த்து மேலும் கீழும் பார்த்துவிட்டுப் போயின. தேநீர்க் கடையிலோ, "இன்னா கண்டக்டரே, வண்டி கெளம்பிடுச்சா?" என்ற கேள்வி பங்குனியிலேயே தொடங்கிவிட்டது. கத்திரி கழிந்து முதல் மழை விழும்வரை தேனீக்கள் பெட்டியில் இருக்கவேண்டும். அவருக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

செஞ்சியின் வெயில் மேலிருந்து மட்டும் வருவதன்று. சுற்றிலும் குவிந்துகிடக்கும் பாறைக் குன்றுகள் பகலெல்லாம் வாங்கி வைத்ததை மாலையில் ஒன்றும் பிடித்தம் செய்யாமல் திருப்பித் தரும். கத்திரி பிறந்த மூன்றாம் நாள் முற்பகலில், தேனீக்கள் பெட்டியின் வாயிலுக்கு வெளியே வந்து, ஒன்றன் காலை ஒன்று பற்றிக்கொண்டு, பலகையிலிருந்து பலாப்பிஞ்சு அளவுக்குக் கொத்தாகத் தொங்கத் தொடங்கின.

சுவருக்கு இப்பால் துணி உலர்த்திக்கொண்டிருந்த எனக்கு அவருடைய முழக்கம் கேட்டது.

"ஏய்! படியில தொங்காத! உள்ள போ! அவ்ளோ பெரிய பொட்டி, நடுவுல எடம் இருக்குது!"

கோழி இறகுகளைக் கட்டிச் செய்த ஒரு துடைப்பானால் அவற்றை மெல்ல மெல்ல உள்ளே தள்ளினார். அவை உள்ளே போயின. பெட்டியின் பின்பக்கத்து இடுக்கு வழியாக ஒரு வரிசை வெளியே வந்தது. அவர் பின்பக்கம் போனார்; முன்பக்கம் மீண்டும் கொத்து தொங்கியது. நண்பகல்வரை இது நடந்தது. மறுநாள் கொட்டுப்பட்டு அவருக்கு ஒரு கண் மூடியிருந்தது. அதற்கடுத்த நாள் மேலுதடு வீங்கியிருந்தது. ஆனாலும் பத்து மணி அடித்தால் பணிக்கு வந்துவிடுவார்.

பயிற்சியில் கொடுத்த துண்டறிக்கையை வாங்கி நான் உரக்கப் படித்துக் காட்டினேன். வெப்பம் மிகும்போது தேனீக்கள் உள்ளே காற்றோட்டம் உண்டாகும்பொருட்டு வெளியே வந்து தொங்குவது இயல்பென்றும், அவற்றைத் தொந்தரவு செய்யலாகாதென்றும், பெட்டிக்கு நிழலும் அருகில் நீரும் இருக்கவேண்டுமென்றும் அதில் தெளிவாக இருந்தது.

"இத எழுதுனவன் ஆபீஸ்ல ஃபேன்கீழ ஒக்காந்து எழுதியிருப்பான் டீச்சர். அவனுக்கு ரூட்டு இன்னா தெரியும்? காத்துக்காகத்தான் படியில நிக்குறன்னு முப்பது வருசமா எல்லாப் பசங்களும் எங்கிட்டச் சொன்னானுங்க. நான் நம்பல."

ஆனால் நீரைப் பற்றிய அறிவுரையை மட்டும் ஏற்றுக்கொண்டார். குடிப்பதற்கென்று கேனில் வாங்கும் தூய நீரை, பளபளவென்று துலக்கிய எவர்சில்வர்த் தாம்பாளத்தில் ஊற்றி வைத்தார். ஒரு தேனீயும் சீந்தவில்லை. எல்லாம் சுவரைத் தாண்டி வந்து, என் கொல்லையில் துணி துவைக்கும் கல்லின் அடியில் கசிந்துகிடக்கும் பாசித் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டிருந்தன. துவைக்கப் போன எனக்கு இரண்டு கொட்டு விழுந்தது. அவர் சுவரேறிக் குதித்து வந்து, கல்லின் முன் குந்தி அமர்ந்து, அவற்றைக் கண்டித்தார்.

"இது நம்ம ஸ்டாப்பிங் இல்ல. அங்க கேன் தண்ணி வெச்சிருக்குறன். ஒரு மரியாத வேணாம்?"

சுவரின்மேல் முழங்கையை ஊன்றிப் பார்த்துக்கொண்டிருந்த மனைவி சொன்னார்:

"கேன் தண்ணிக்கு இன்னா வாசன இருக்குது? அதுங்க மோந்து பாத்துத்தான வருது. டீச்சரம்மா, அந்தப் பாசித் தண்ணிய ஒரு சொம்பு குடுங்க."

ஒரு மண்சட்டியில் கூழாங்கற்களைப் பரப்பி, நடுவே ஈரத் தேங்காய்நாரை வைத்து, என் துவைக்கல்லின் பாசியில் ஒரு கைப்பிடியும் அந்தத் தண்ணீரும் விட்டு, அம்மையார் அதைப் பெட்டிக்குச் சற்றுத் தள்ளி வைத்தார். இரண்டாம் நாளே தேனீக்கள் கற்களின்மேல் வரிசையாக அமர்ந்து மூழ்காமல் நீர் பருகின. அன்றுமுதல் நாள்தோறும் காலையில், வாளியும் கையுமாக, என் பின்வாசலில் கண்டக்டரின் குரல் கேட்கும்: "டீச்சர், பாசித் தண்ணி!" என் வாழ்நாளில் அழுக்குத் தண்ணீருக்கு அவ்வளவு மதிப்புக் கொடுத்தவர்களை நான் கண்டதில்லை.

தள்ளுவது மட்டும் நிற்கவில்லை. ஒருநாள் அவர் மனைவி வேர்க்கடலை உடைத்துக்கொண்டிருந்தபடியே, குரலைத் தாழ்த்தி என்னிடம் சொன்னார்:

"மஞ்ச மூட்டைய கால்ல கட்டினு வருவாங்க பாருங்க, அவங்க கொறஞ்சிட்டாங்க. போன வருசமும் ஓடிப்போறதுக்கு முன்னாடி இப்டித்தான் கொறஞ்சிச்சு. இவருகிட்டச் சொல்லாதீங்க. அழுதுடுவாரு."

மகரந்தம் கொண்டுவருவது குறைந்தால் புதிய புழுக்களை அவை வளர்க்கவில்லை என்று பொருள். வளர்க்கவில்லையென்றால் மூட்டை கட்டுகின்றன என்று பொருள். அன்று பகல் முழுவதும் எனக்கும் இருப்புக் கொள்ளவில்லை. அவர் ஏன் இப்படி ஓயாமல் தள்ளுகிறார்? படிக்கட்டில் தொங்கிய எவரோ ஒருவர் அவர் கண்ணெதிரே விழுந்திருக்கவேண்டும். அந்தக் காட்சி அவரை விடவில்லை போலும் என்று நானே முடிவு செய்துகொண்டு, மிகுந்த பரிவோடு அம்மையாரிடம் கேட்டேன்.

"அக்கா, அவர் வண்டியில யாராவது படியிலருந்து விழுந்தாங்களா?"

"உழுந்தாங்களே," என்றார் அம்மையார். "இவருதான் உழுந்தாரு."

வேலையில் சேர்ந்த புதிதில், காலை நேரத்து நெரிசலில், மற்றவர்களை உள்ளே தள்ளிவிட்டுக் கடைசிப்படியில் இவர் தொங்கிக்கொண்டு வந்திருக்கிறார். ஊதலைப் பல்லில் கடித்தபடியே சாலையோரப் புழுதியில் விழ, முன்பற்கள் இரண்டும் ஊதலோடு வெளியே வந்துவிட்டன. இப்போதிருப்பவை கட்டிய பற்கள். ஊதல் கேட்டால்தான் ஓட்டுநர் நிறுத்துவார். ஊதலோ புழுதியில் கிடந்தது. பயணச்சீட்டு வாங்காதவர்கள் வண்டிக்குள் பலர் இருந்தமையால் எவரும் வாய்திறக்கவில்லை. வண்டி தொண்டூர்வரை அவரில்லாமலே போய்விட்டது.

"பின்னாலயே ஓடியிருக்குறாரு, வாயில ரத்தத்தோட. ஒரு நாய்கூடத் திரும்பிப் பாக்கல. அந்தக் கோவம்தான் டீச்சரம்மா, இன்னும் தீரல."

அம்மையார் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நானும் சிரித்தேன். ஆனால் சிங்கவரம் சாலைத் திருப்பம்வரை பனியனோடு ஓடிய அந்த மனிதரை நினைத்தபோது, சிரிப்பு முன்போல வரவில்லை.

அதற்கு மறுநாள் பகல் பன்னிரண்டு மணிக்கு மின்சாரம் நின்றது. சிறிது நேரத்துக்கெல்லாம் சிமெண்டுக் கூரை வீடுகள் அடுப்பாகிவிட்டன. தெருவிலுள்ளோர் அனைவரும் விசிறியும் கையுமாக வெளியே வந்துவிட்டார்கள். நான் சுவரோரம் வேப்பநிழலில் நின்றேன். அவரும் தேனீக்களோடு காலையெல்லாம் போராடிக் களைத்து, பனியனைக் கழற்றிப் பிழிந்துவிட்டு, பின்வாசற்படியில் வந்து கால் நீட்டி அமர்ந்தார். பக்கத்தில் பெட்டியின் படிக்கட்டில் தேனீக்கள் தொங்கின.

வீட்டுக்குள்ளிருந்து வந்த மனைவி அவருக்குப் பின்னால் வந்து நின்றார்.

"இன்னா படியில ஒக்காந்துட்டீங்க? உள்ள போங்க."

"இந்தா, சும்மா இரு. உள்ள ஒரே வேக்காடு."

"நடுவுல எடம் இருக்குது. மூணு ரூமு காலியா இருக்குது. படியில இன்னா வேல?"

சொன்னதோடு நிற்கவில்லை. முதுகில் கையை வைத்தார். மணநாளன்று ஆலத்தட்டு வருமுன் தம் முதுகில் விழுந்த கைக்கு அது பதில் என்று எனக்குத் தோன்றிற்று. அவர் தடுமாறி எழுந்து உள்ளே போனார். கதவு சாத்தப்பட்டது, தாழும் விழுந்தது.

"தொறடி! வேகுது!"

"நடுவுல போய் நில்லுங்க. கதவாண்ட கூட்டம் போடாதீங்க."

"காத்தே இல்லடி இங்க!"

"காத்துக்காகத்தான் படியில நிக்குறன்னு எல்லாப் பசங்களும்தான் சொல்லுவானுங்க. நான் நம்ப மாட்டன்."

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பத்து நிமிடம் இருக்கும். கதவு திறந்தபோது குளித்துவிட்டு வந்தவரைப்போல அவர் உடம்பெல்லாம் நீர் வழிந்தது. மனைவியைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ நேரே பெட்டியிடம் போய், அதன்முன் குந்தி அமர்ந்து, தொங்கிய கொத்தை நெடுநேரம் பார்த்தார். வாயிலருகே சில தேனீக்கள் இடம்விட்டு நகராமல் இறக்கையை மட்டும் அடித்துக்கொண்டிருந்தன. அவர் அங்கே தம் கன்னத்தைக் கொண்டுபோய் வைத்தார்.

"டீச்சர்," என்றார் திரும்பாமலே. "உள்ளருந்து சூடு காத்து வருது டீச்சர். அதுங்க விசிறினு இருக்குதுங்க."

பெட்டியருகே கிடந்த கோழி இறகுத் துடைப்பானை எடுத்துக் கூரைமேல் எறிந்தார். கோழிகள் இரண்டும் அது போன திசையை ஐயத்தோடு பார்த்தன.

அன்று மாலையே வேலை தொடங்கிற்று. பெட்டியைச் சட்டென்று தூரத்தில் வைத்துவிட்டால் வெளியே போன தேனீக்கள் பழைய இடத்துக்கே வந்து தேடும். ஆகவே பொழுது சாய்ந்து எல்லாம் அடங்கியபின் நாளுக்கு ஓர் அடி வீதம் வேப்பமரத்தை நோக்கி அதை நகர்த்தினார். "நல்ல எக்ஸ்பிரஸ் வண்டி," என்றார் மனைவி. மூடிக்கு அடியில் இரண்டு குச்சிகளைச் செருகிக் காற்றுக்கு வழி செய்தார். மேலே தென்னங்கீற்று. மாலைதோறும் ஒரு கொட்டாங்கச்சியில் சர்க்கரைப் பாகு. பெட்டியின் பக்கங்களில் சுற்ற ஈரத்துணி வேண்டியிருந்தது. தகரப்பெட்டியைத் திறந்து, கேட்பாரற்றுக் கிடந்த தொண்டூர்த் துண்டுகளை எடுத்தார். சிவப்புக்கரை, பச்சைக்கரை, நீலக்கட்டம் என்று பல குடும்பத்துத் துண்டுகள் பாசித் தண்ணீரில் நனைந்து, வாயிலை மட்டும் விட்டு, பெட்டியைச் சுற்றிக்கொண்டன. பார்வைக்கு அது திருவிழா முடிந்து திரும்பும் பேருந்தைப்போலவே இருந்தது.

இவையனைத்தும் அவருக்கு எளியவை. சும்மா இருப்பதுதான் அவரால் முடியவில்லை. மறுநாள் முற்பகலில் பெட்டிக்கு எதிரே ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு, இரண்டு கைகளையும் அக்குளில் இறுகச் செருகிக்கொண்டு அமர்ந்தார். ஊதலை மனைவி வாங்கி இடுப்பில் முடிந்துகொண்டார். பதினொரு மணிக்குத் தேனீக்கள் வெளியே வந்தன.

"டீச்சர், தொங்குறாங்க டீச்சர்."

"தொங்கட்டும்."

"நெறைய பேரு தொங்குறாங்க. அந்தக் கடைசில இருக்குறான் பாருங்க, ஒத்தக் கால்ல புடிச்சினு."

"தொங்கட்டும் ஐயா."

அவருடைய கால்விரல்கள் தரையைச் சுரண்டின. உதடுகள் ஊதலின்றியே குவிந்தன. அந்தப் பகலின் நீளத்தை நான் மறக்கமாட்டேன். வெயில் சாய்ந்து, குன்றின் நிழல் கொல்லைக்குள் வந்ததும், தொங்கிய கொத்து யாரும் சொல்லாமலே கரையத் தொடங்கிற்று. ஒவ்வொன்றாக, தள்ளுமுள்ளு இல்லாமல், அவை உள்ளே போயின. பலகை வெறுமையாகும்வரை அவர் அசையவில்லை. பிறகு நாற்காலியிலிருந்து எழுந்து, குனிந்து, பலகைக்குக் கீழே தரையைக் கையால் தடவித் தேடினார்.

"ஒருத்தன்கூட உழல டீச்சர்," என்றார்.

கட்டிய முன்பற்கள் இரண்டும் தெரிய அவர் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன்.

கத்திரி முடியும் தறுவாயில் ஒரு பிற்பகலில் காற்றும் இடியுமாகப் பெருமழை பெய்தது. கீற்று பறந்துபோயிற்று. தூறல் விடுமுன்பே மூவரும் நனைந்தபடி பெட்டியைச் சூழ்ந்து நின்றோம். பலகையில் ஒன்றும் இல்லை. உள்ளேயிருந்து ஓசையும் இல்லை. மூடியைத் திறக்க அவருக்குத் துணிவு வரவில்லை; கோழிகள் மட்டும் முன்னால் வந்து நின்றன. அம்மையார் ஈரத்துண்டை விலக்கிப் பெட்டியில் காதை வைத்தார். அவருடைய முகத்தையே நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"கண்டக்டரே," என்றார். கணவரை அவர் அப்படி அழைத்து நான் கேட்டது அந்த ஒருமுறைதான். "வண்டி ஃபுல்லா இருக்குது."

அவர் கிணற்றடிக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தார். மழையில் நனைந்த முகத்தை எதற்குக் கழுவவேண்டும் என்று மனைவி கேட்கவில்லை. மறுநாள் காலையில் மஞ்சள் மூட்டைகள் வரத் தொடங்கின.

அதே வாரத்தில் எனக்கு இடமாறுதல் ஆணை வந்தது. பொருள்களை முன்னதாகவே அனுப்பிவிட்டு, ஒரு பையோடு பேருந்து நிலையத்துக்குப் போனேன். எனக்கு முன்பே அவர் அங்கு வந்திருந்தார். முகூர்த்த நாள், திண்டிவனம் வண்டியில் கால் வைக்க இடமில்லை. கல்லூரி மாணவர்கள் நால்வர் படிக்கட்டில் தொங்கினார்கள். அவர் வாயை இறுக மூடிக்கொண்டு நிற்பதையும், கைகள் அக்குளை நோக்கிப் போவதையும் பார்த்தேன். தேனீக்களிடம் கற்றதை மனிதர்களிடமும் கடைப்பிடிக்கப்போகிறார் என்று எண்ணினேன். அரை நிமிடம் கடைப்பிடித்தார்.

"ஏய்! உள்ள போங்கடா!"

மாணவர்களில் ஒருவன் உள்ளூர்க்காரன். "இன்னா கண்டக்டரே, தேனீய மட்டும் தொங்க வுடுற, எங்கள வுட மாட்டியா?" என்றான்.

"அதுங்களுக்கு றெக்க இருக்குதுடா. உனுக்கு இன்னா இருக்குது?"

நால்வரும் உள்ளே போனார்கள். அவர் என் பக்கம் திரும்பினார்.

"போங்க டீச்சர். நடுவுல எடம் இருக்குது."

மூன்று ஆண்டுகளாகக் கேட்ட சொல்தான். இடமிராது என்பது எனக்குத் தெரியும். ஆயினும் அவரிடம் மறுத்துச் சொல்லி விடைபெற மனமின்றி ஏறினேன். முழங்கைகளுக்கும் பைகளுக்கும் இடையே புகுந்து நடுப்பகுதிவரை போனேன். சன்னலோரத்தில் ஓர் இருக்கை காலியாக இருந்தது. இரண்டு பேர் அதன் அருகே நின்றுகொண்டு, உட்காரத் துணியாமல், அதன்மேல் கிடந்ததைப் பார்த்தபடி இருந்தார்கள்.

பச்சைக்கரை போட்ட ஒரு துண்டு. தொட்டுப் பார்த்தேன், ஈரமாக இருந்தது. என் துவைக்கல்லின் பாசி மணந்தது.